பிள்ளை ராணுவத்தில் சேர விரும்பினால்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் ஆண்பிள்ளை உள்ள வீடுகளுக்கு ராணுவம் புதிதல்ல. 1967ஆம் ஆண்டு முதல் பிள்ளைகள் தேசிய சேவைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள்; அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்கு மகனை அனுப்பிவிட்டு வார இறுதியில் அவன் முகாமிலிருந்து ‘புக் அவுட்’ ஆகி வருவதற்காகச் சமைத்து வைத்துக் காத்திருப்பதும் நமக்குப் பழக்கம்தான். ஆனால், பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டிலோ தொடக்கக் கல்லூரியை முடித்த கையோடோ அதே பிள்ளை “சைன் ஆன் பண்ணலாம்னு இருக்கேன்” என்று சொல்லும்போது பலருக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரிவதில்லை. இரண்டாண்டு முழுநேர தேசிய சேவை சட்டம் விதித்த கடமை. ‘சைன் ஆன்’ செய்து நிரந்தரப் படைவீரராகச் சேர்வதோ சம்பளம், பதவி உயர்வு, ஒப்பந்தம் எல்லாம் அடங்கிய ஒரு தொழில். இந்த வேறுபாட்டை முதலில் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். “எப்படியும் இரண்டு வருஷம் இருக்கத்தான் வேண்டும், அப்படியே தொடர்ந்தால் என்ன” என்பது மட்டுமே காரணமாக இருந்தால், பிள்ளை இன்னும் முடிவெடுக்கவில்லை என்றே பொருள்.

நம் வீடுகளில் கேள்விகள் பெரும்பாலும் தலைகீழாக வருகின்றன. அதிகாரியா, சம்பளம் எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் என்று கேட்டு முடித்த பிறகுதான் என்ன வேலை என்ற கேள்வி எழுகிறது, சில வேளைகளில் அது எழுவதே இல்லை. பதவியையும் பணத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு சாதாரண வேலைநாளில் காலை முதல் இரவு வரை என்ன செய்வாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். தரைப்படையின் போர்ப்பிரிவில் இருப்பவர் காட்டிலும் மழையிலும் நாட்களைக் கழிப்பார். 1990 முதல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்துவரும் ‘வாலபி’ போன்ற வெளிநாட்டுப் பயிற்சிகளுக்காக வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பார். கடற்படையினர் துவாஸ் அல்லது சாங்கி கடற்படைத் தளத்திலிருந்து கப்பலேறிவிட்டால், தீபாவளிக்கு வீட்டில் இருப்போமா என்பதைப் பயண அட்டவணைதான் தீர்மானிக்கும். ஆகாயப்படை என்றதும் விமானியைத்தான் நினைக்கிறோம். ஆனால் விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கும் பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும் இல்லாமல் ஒரு விமானமும் எழும்பாது. 2022 அக்டோபரில் நான்காவது படைப்பிரிவாகத் தொடங்கப்பட்ட மின்னிலக்க, உளவுத்துறைச் சேவையின் பணிகள் பெரும்பாலும் திரைக்கு முன்னால் நடப்பவை. இந்த நான்கில் எந்த அன்றாடத்தைப் பிள்ளையால் பல ஆண்டுகள் சலிக்காமல் வாழ முடியும் என்பதற்கு ஓரளவேனும் விடை கிடைத்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.

அடுத்தது, எந்தப் பிரிவில் சேர்வது. அதிகாரிகள் ஜூரோங்கிலுள்ள சாஃப்டி ராணுவக் கழகத்தில் பயிற்சி பெற்று, வீரர்களை வழிநடத்தவும் திட்டமிடவும் செய்கிறார்கள். ஸ்பெஷலிஸ்டுகள் வீரர்களுடன் நேரடியாக நின்று பயிற்றுவிப்பவர்கள். சார்ஜன்ட் நிலையில் தொடங்கி வாரண்ட் அதிகாரிவரை உயரலாம். மூன்றாவதாக, 2010இல் அறிமுகமான ராணுவ வல்லுநர் திட்டம் பொறியியல், உளவு, மருத்துவம் போன்ற துறைகளில் ஆழமான திறன் தேவைப்படும் பணிகளுக்கானது. அதன் படிநிலைகள் எம்இ (மிலிட்டரி எக்ஸ்பர்ட்) 1இலிருந்து எம்இ8வரை செல்கின்றன. பட்டதாரிகள் பொதுவாக எம்இ4 நிலையில் நுழைகிறார்கள். ‘ஆஃபிசர்’ என்ற சொல்லுக்கு உறவினர் மத்தியில் உள்ள மதிப்பு ‘எம்இ’ என்ற இரண்டெழுத்துக்கு இல்லை என்பது உண்மைதான். ஆயினும் விமானவியலிலோ கடல்சார் பொறியியலிலோ டிப்ளோமா படித்து, கருவிகளோடு இருக்கும்போதுதான் மகிழ்ச்சியாக இருக்கும் ஒரு பிள்ளையை, திருமண வீட்டில் சொல்லிக்கொள்வதற்காக அதிகாரிப் பொறுப்பை நோக்கித் தள்ளுவது நியாயமில்லை. மேலும், அதிகாரி ஆவதற்குச் சைன் ஆன் செய்தே தீர வேண்டும் என்பதும் இல்லை: அடிப்படை ராணுவப் பயிற்சியில் திறம்படச் செய்த தேசிய சேவையாளர்களும் அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

எப்போது சேர்வது என்பதில் மகன்களுக்கு மூன்று வாய்ப்புகள் உண்டு: சேவைக்கு அழைக்கப்படும் முன், சேவையின்போது, அல்லது சேவையையும் பட்டப்படிப்பையும் முடித்த பின். மனம் உறுதியாக இல்லாத பிள்ளைக்கு இரண்டாவதே சிறந்தது என்பது என் கருத்து. அடிப்படைப் பயிற்சி முடிந்து, பிரிவு ஒதுக்கப்பட்டு, முகாமில் சில மாதங்கள் கழிந்துவிட்டால், நிரந்தரப் படைவீரர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அவனே அருகிலிருந்து பார்த்துவிடுவான். அந்தக் கட்டத்தில் கையெழுத்திட்டாலும் தேசிய சேவைப் படித்தொகைக்குப் பதிலாக முழுச் சம்பளம் கிடைக்கத் தொடங்கும். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் தேசிய சேவைக்குச் செல்லும் மாணவர்களின் இடத்தை ஒதுக்கிவைப்பதால், சேவைக்கு முன்பே விண்ணப்பித்து ஓரிடத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது; வேறு வழி இருக்கிறது என்று தெரிந்தவன்தான் நிதானமாக முடிவெடுப்பான். விமானியாக விரும்புவோரும் உபகாரச் சம்பளத்தை நாடுவோரும் மட்டும் அவற்றுக்குரிய தேர்வுக் காலத்தைத் தவறவிடாமல் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

உபகாரச் சம்பளம் கிடைத்தால் பெற்றோரின் மகிழ்ச்சிக்கு அளவிருக்காது. அதோடு வரும் பிணைக் காலத்தையும் (கட்டாயமாகப் பணியாற்ற வேண்டிய ஆண்டுகள்), இடையில் விலகினால் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையையும் எழுத்தில் பார்த்த பிறகு மகிழுங்கள்.

மகள் இந்த விருப்பத்தைச் சொன்னால் பல தமிழ்க் குடும்பங்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு தள்ளிப்போடுகின்றன. பெண்களுக்குத் தேசிய சேவை கட்டாயமில்லை என்பதால், மகன்களைப் போல உள்ளே இருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இயல்பாகக் கிடைப்பதில்லை; எனவே அவர்களுக்கு நம் உதவி கூடுதலாகவே தேவைப்படுகிறது. 2014இல் தொடங்கப்பட்ட ஆயுதப்படைத் தொண்டூழியர் பிரிவில் சேர்ந்தால், வேலையையோ படிப்பையோ விடாமல் குறுகிய காலப் பயிற்சி பெற்றுச் சீருடை வாழ்வை ஓரளவு அறிந்துகொள்ளலாம். முடியுமா என்று பாட்டி கேட்டால், 2015இல் கான் சியாவ் ஹுவாங் நாட்டின் முதல் பெண் ஜெனரல் ஆனதைச் சொல்லுங்கள்.

ஆளெடுப்பு நிலையத்துக்கு நீங்களும் உடன் செல்லலாம், ஆனால் கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும். அங்கே இருப்பவர்கள் ஆள்சேர்க்கும் பணியில் உள்ளவர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, சேவையில் இருக்கும் ஒருவரிடமும், சில ஆண்டுகள் இருந்துவிட்டு விலகிய ஒருவரிடமும் தனியாகப் பேச ஏற்பாடு செய்யுங்கள். விலகியவர் சொல்வதில் கசப்பு இருக்கலாம். அதைக் கழித்துவிட்டுக் கேட்டாலும் பயனுள்ள செய்திகள் மிஞ்சும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை ஒளிவுமறைவு கூடாது. சிறுவயது ஆஸ்துமா, பழைய முழங்கால் காயம் போன்றவற்றை மருத்துவப் பரிசோதனையில் சொல்லாமல் விடும்படி எந்தப் பெற்றோரும் அறிவுரை கூறக் கூடாது. பயிற்சியில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய மருத்துவக் குறிப்புகளைத் தேடி எடுத்துக் கொடுங்கள். புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றும் அடங்கிய ஐபிபிடி எனும் உடலுறுதித் தேர்வுக்குப் பிள்ளை தானாகவே பயிற்சி செய்கிறானா என்பதையும் கவனியுங்கள். யாரும் வற்புறுத்தாமல் ஓடப் போகிறவனுடைய விருப்பத்தை நம்பலாம்.

ஒப்பந்தத்தை அன்றே கையெழுத்திட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துவாருங்கள். குறைந்தபட்சப் பணிக்காலம் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது, முடித்துவிட்ட தேசிய சேவை மாதங்கள் அதில் சேருமா, பயிற்சியில் தேறாவிட்டால் எந்தப் பிரிவுக்கு மாற்றுவார்கள், பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு ஆதரவு உண்டா என்பனவற்றுக்கு விடை கிடைக்க வேண்டும். படைவீரர்கள் பலர் பிற துறையினரைவிட முன்னதாகவே ஓய்வுபெற்று இரண்டாவது தொழிலுக்குப் போவதால், அந்த மாற்றத்துக்கு என்ன உதவி உண்டு என்பதையும் இப்போதே கேட்கலாம். இடையில் விலகினாலும் போர்க்காலப் படைவீரராகத் திரும்ப அழைக்கப்படும் கடமை பொதுவாக 40 வயதுவரை, அதிகாரிகளுக்கு 50 வயதுவரை உண்டு என்பதையும் பிள்ளை அறிந்திருக்கட்டும்.