தைராய்டைத் தேட ஒரு டம்ளர் தண்ணீர்

லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. தைராய்டு டெஸ்ட்டுக்கு வருகிறவர்களிடம், ஊசி பயம் மறக்கட்டும் என்று, "தைராய்டு எங்கே இருக்கு, காட்டுங்க" என்பேன். சிலர் தாடைக்கு அடியில் கை வைப்பார்கள். ஆண்கள் துருத்திக்கொண்டிருக்கும் சங்கைத் தொடுவார்கள். இரண்டும் இல்லை.

கண்ணாடி முன்னால் உட்காருங்கள். ஆள்காட்டி விரலைச் சங்கின் மேல் வைத்து மெல்லக் கீழே இறக்குங்கள். சின்னப் பள்ளம் ஒன்று வரும். அடுத்து மோதிரம் மாதிரி கெட்டியாக ஒரு குருத்தெலும்பு. அதையும் தாண்டினால் விரல் மெத்தென்று படும். அங்கேதான் மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கிறது, இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி போல. மொத்தமே சுமார் 20 கிராம்தான்.

இப்போது ஒரு வாய் தண்ணீர். லேசாக அண்ணாந்து, கண்ணாடியில் கழுத்தடியைப் பார்த்தபடியே விழுங்குங்கள். தைராய்டு குரல்வளையோடு ஒட்டியிருப்பதால் கூடவே ஏறி இறங்கும். சங்கும் ஏறும், அதைக் கட்டி என்று நினைத்துப் பயந்தவர்கள் உண்டு. அதற்குக் கீழே உருண்டையாக ஏதாவது ஏறி இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்த மட்டும் வேண்டாம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் பக்கத்திலேயே ஓடுகின்றன.

என் அம்மாவுக்கு அட்டிகை இறுக்கியது. "சதை போட்டுட்டேன்டி" என்றார். டம்ளரைக் கொடுத்து விழுங்கச் சொன்னேன். வலது பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒன்று எழும்பி இறங்கியது! ஸ்கேன், ஊசிப் பரிசோதனை எல்லாம் ஆயிற்று, சாதாரணக் கட்டிதான். சுரப்பும் சரியாகவே இருந்தது.

கட்டி இருந்தும் தைராய்டு ஒழுங்காகச் சுரக்கலாம். கழுத்து வழவழப்பாக இருந்தும் சுணங்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (TSH) என்ற ஹார்மோனைப் பார்க்கிறோம். அது தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு. கொத்தனார் சுணங்கினால் மேஸ்திரி குரலை உயர்த்துவார் இல்லையா? அதுபோல, தைராய்டு குறைவாகச் சுரந்தால் டிஎஸ்ஹெச் ஏறும். "எனக்குத் தைராய்டு அதிகம்" என்று ரிப்போர்ட்டை நீட்டுகிற பலருக்கு உண்மையில் குறைவு.

அப்புறம், டெஸ்ட் அன்று, தைராய்டு குறைவுக்குப் போடும் தைராக்ஸின் மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது ரிப்போர்ட்டையே தலைகீழாக்கிவிடும். இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்வோம்.