அடினோசின் அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் இதய இரத்த ஓட்டப் படம் எடுக்கும் பிரிவில் தாதியாக எனக்கு இது பத்தொன்பதாவது ஆண்டு. இந்த மாதம் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களில் ஒரு பெண் சென்ற வாரம் ஒரு நோயாளியிடம், “ஐயா, காப்பி குடித்தீர்களா?” என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையசைத்ததும் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அதே கேள்வியை அதே வேகத்தில் நானும் ஒரு காலத்தில் கேட்டவள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நோயாளியின் பெயரைச் சரிபார்ப்பது, எடை பார்ப்பது, ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றில் தவறுபவர்கள் இந்த அறைக்குள் வரவே கூடாது.

அடினோசினை வெறும் குப்பி மருந்தாக நினைப்பது

நடைப்பொறியில் ஏற முடியாதவர்களுக்கு இதயத் தமனிகளை விரித்துப் படம் எடுக்க நாம் ஏற்றும் மருந்து அடினோசின். குப்பியில் இருப்பது நம் உடம்பே ஒவ்வொரு நொடியும் செய்துகொள்ளும் பொருள்தான். உயிரணுவின் எரிபொருள் ஏ.டி.பி. வேலை கூடும்போது அது பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாக இழந்து, கடைசியில் ஒரே பாஸ்பேட் மிஞ்சிய ஏ.எம்.பி. ஆகிறது. அதிலிருந்து அந்தப் பாஸ்பேட்டும் கழன்றால் எஞ்சுவது அடினோசின். உயிரணுவில் ஏ.டி.பி. ஏராளம், ஏ.எம்.பி. மிகக் கொஞ்சம். ஆகவே ஏ.டி.பி. சிறிதளவு குறைந்தாலே ஏ.எம்.பி. பல மடங்கு உயர்ந்துவிடும், அதன் பின்னால் அடினோசினும் உயரும். எரிபொருள் தீர்வதற்கு முன்பே ஒலிக்கும் எச்சரிக்கை மணி அது.

அந்த அடினோசின் வெளியே கசிந்து அருகில் உள்ள நுண்தமனியின் சுவரை அடைகிறது. அங்கே ஏ2ஏ என்னும் ஏற்பியில், அதாவது சாவிக்குக் காத்திருக்கும் பூட்டு போன்ற ஒன்றில், போய் அமர்ந்ததும் சுவரின் தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. வயலில் பயிர் வாடும் இடத்துக்கு மடையைத் திறந்துவிடுவது போன்ற ஏற்பாடு. மற்ற உறுப்புகளைவிட இதயத்துக்கு இது ஏன் அவசியம் என்றால், சும்மா இருக்கும்போதே அது தன்னிடம் வரும் இரத்தத்தின் ஆக்சிஜனில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. வேலை கூடினால் அதே இரத்தத்திலிருந்து மேலும் பிழிந்தெடுக்க வழியில்லை. ஓட்டத்தைத்தான் கூட்ட வேண்டும்.

1929இல் கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் சென்ட்-ஜியார்ஜியும் அடினோசின் இதயத் துடிப்பைத் தணிப்பதையும் இதயத் தமனிகளை விரிப்பதையும் கண்டு எழுதினார்கள். உடம்பே இதைக் கொண்டுதான் இதய இரத்த ஓட்டத்தை நடத்துகிறது என்ற கருதுகோளை 1963இல் ராபர்ட் பெர்ன் முன்வைத்தார். நாம் சோதனையில் செய்வது, அந்த மணியை வெளியிலிருந்து அடித்துப் பார்ப்பது.

எல்லா உறுப்பிலும் விரிக்கும் என்று நம்புவது

சிறுநீரகத்தில் அடினோசின் இரத்தம் உள்ளே வரும் நுண்தமனியைச் சுருக்குகிறது. அங்கே அது அமர்வது ஏ1 ஏற்பியில். முதலில் இது முரணாகத் தெரியும். யோசித்தால் நியாயம் புரியும். சிறுநீரகம் வடிகட்டும் உப்பு கூடக் கூட அதைத் திரும்ப எடுக்கும் வேலையும் கூடுகிறது. ஆகவே அங்கே வடிகட்டலைக் குறைத்தால்தான் சுமை குறையும். இதயத்தில் வரவைக் கூட்டுகிறது, சிறுநீரகத்தில் செலவைக் குறைக்கிறது. ஒரே பொருள், ஒரே நோக்கம்.

மண்ணீரலும் அப்படித்தான். எம்.ஆர்.ஐ.யில் அடினோசின் கொடுத்துப் படம் எடுக்கும்போது மண்ணீரலுக்கான ஓட்டம் குறைந்து அது கருத்துத் தெரியும். கருக்கவில்லை என்றால் மருந்து சரியாக வேலை செய்ததா என்று சந்தேகப்பட வேண்டும். இந்தச் சந்தேகத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடினோசின் ஒன்றே காரணம் என்று எழுதுவது

பயிற்சித் தேர்வில் பலர் இப்படி எழுதுகிறார்கள். நாய்களை ஓடவிட்டு, அவற்றின் அடினோசின் ஏற்பிகளை மருந்தால் அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதய இரத்த ஓட்டம் அப்போதும் ஏறக்குறைய வழக்கம்போல உயர்ந்தது. நைட்ரிக் ஆக்சைடு, பொட்டாசியம் வாயில்கள், நரம்புத் தூண்டல் என்று துணைக்குப் பலர் உண்டு. ஆரோக்கியமான இதயத்தில் அடினோசின் பலரில் ஒருவர். ஆக்சிஜன் தட்டுப்படும் இதயத்தில்தான் அதன் பங்கு பெரிதாகிறது.

“காப்பி குடித்தீர்களா?” என்று மட்டும் கேட்பது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் விடியற்காலைப் பெர்ரியில் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், முன்பு லோரி ஓட்டியவர். முழங்கால் வலியால் நடைப்பொறியில் ஏற முடியாது, அதனால் அடினோசின் சோதனை. நான் கேட்டேன்: “காப்பி குடித்தீர்களா, ஐயா?” அவர் சொன்னார்: “இல்லை மிஸ்ஸி. நேற்று இரவிலிருந்து பட்டினி.” சோதனை நடந்தது. முகம் சிவந்தது, மூச்சு வாங்கியது, நாடித்துடிப்பும் ஏறியது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்தேன். படத்தில் இதயத்தசை முழுவதும் ஒரே சீராக நிறம் பிடித்திருந்தது. இரத்த ஓட்டத்தில் குறையில்லை என்று அறிக்கை போனது.

ஐந்து வாரம் கழித்து அவரை அவசரப் பிரிவில் பார்த்தேன். நெஞ்சுவலி. இதயத்தின் முன்பக்கத் தமனியில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். வார்டில் அவர் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா தற்செயலாகச் சொன்னார்: “அன்றைக்கும் பாவம், ஒன்றுமே சாப்பிடாமல் வந்தார். படகுத்துறையில் ஒரு நெஸ் மட்டும் குடித்தார். முதல் நாள் இரவு தலைவலி என்று இரண்டு மாத்திரை போட்டார்.”

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் காப்பி என்றால் துணிப்பையில் வடிகட்டிய கோப்பி ஓ. நெஸ்கஃபே வேறு சாமான். பட்டினி என்றால் சோறும் ரொட்டியும் இல்லாமல் இருப்பது. என் கேள்விக்கு அவர் உண்மையாகத்தான் பதில் சொன்னார். கேள்விதான் தவறு. கேட்டது நான்.

அந்தப் படம் ஏன் பொய் சொன்னது என்பதைப் புதியவர்கள் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அடைப்பு உள்ள தமனிக்குக் கீழே இருக்கும் நுண்குழாய்கள், குறைந்த இரத்தத்தைச் சமாளிக்க ஏற்கெனவே இயன்ற மட்டும் விரிந்திருக்கும். அடினோசின் கொடுத்தாலும் மேலும் விரிய அவற்றிடம் மிச்சம் இல்லை. நல்ல தமனியின் பகுதியிலோ ஓட்டம் மூன்று நான்கு மடங்கு பெருகும். அந்த நேரத்தில் செலுத்தும் கதிரியக்க மருந்து ஓட்டம் உள்ள இடத்தில் நிறையவும் இல்லாத இடத்தில் குறைவாகவும் ஒட்டும். வெளிறிய பகுதி தெரிந்தால் அங்கே அடைப்பு. நாம் தேடுவதே அந்த வேறுபாட்டைத்தான்.

காப்பியில் உள்ள காஃபின் என்ன செய்கிறது? அடினோசின் அமர வேண்டிய ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாவி போல நுழையும், பூட்டைத் திறக்காது. நல்ல தமனியும் போதிய அளவு விரியாது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு ஓட்டம், ஒரே நிறம். ஆரோக்கியமான இதயமும் நெஸ் குடித்த நோயாளி இதயமும் படத்தில் ஒன்றுபோல் இருக்கும். மருத்துவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அந்தப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்க இயலாது. முகச் சிவப்பையும் நாடித்துடிப்பையும் சாட்சியாக எடுக்காதீர்கள். இதயத் தமனி விரியாமலே அவை வரும்.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் உடம்பில் காஃபின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். 12 மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். 24 மணி நேரத்தில்தான் நூறில் நான்குக்கும் கீழே இறங்கும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் மெதுவாகக் குறையும். நம் ஊர்க் கடைகளின் கோப்பியில் பெரும்பாலும் ரோபஸ்டா கொட்டை. அராபிகாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு காஃபின் அதில் உண்டு. சில தலைவலி மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு ஒரு மாத்திரைக்கு 65 மில்லிகிராம் காஃபினும் சேர்ந்திருக்கிறது. காஃபின் நீக்கிய காப்பியிலும் சில மில்லிகிராம் உண்டு. மைலோவிலும் சாக்லேட்டிலும் உள்ள கொக்கோவில் காஃபினும் அதன் உறவான தியோபுரோமினும் இருக்கின்றன. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோபிலினும் அதே குடும்பம்.

ஆகவே பானத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: “நேற்றுக் காலையிலிருந்து இந்த நிமிடம் வரை வாய்க்குள் போனது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லுங்கள். தண்ணீர், மாத்திரை உட்பட.” பிறகு பேசாமல் காத்திருங்கள். அவசரப்படுத்தினால் நினைவு வராது. கூட வந்த மனைவியையோ மகளையோ தனியே ஒரு முறை கேளுங்கள். அதற்குப் பிறகு கோப்பி, தே தாரேக், தே ஓ, நெஸ், மைலோ, கோலா, எனர்ஜி பானம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். தைப்பூச வாரத்தில் தண்ணீர்மலைப் பக்கம் இருந்து வருபவர்களிடம் பந்தலில் என்ன குடித்தீர்கள் என்றும் கேட்பேன்.

குடித்திருந்தால்? தள்ளிவையுங்கள். இங்கேதான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. “அரைக் கோப்பைதானே”, “சுங்கை பட்டாணியிலிருந்து மகன் விடுப்பு எடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்”, “டெக்னீசியம் (படத்துக்கான கதிரியக்க மருந்து) தயாராகிவிட்டது, 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், வீணாகும்” என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் வீணாகும் ஒரு ஊசி மருந்தின் விலையையும், குறையில்லை என்ற தாளைப் பையில் வைத்துக்கொண்டு நெஞ்சுவலியைப் பொருட்படுத்தாமல் ஐந்து வாரம் நடந்த மனிதரையும் நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன். தவறான நிம்மதியைக் கையில் கொடுத்து அனுப்புவதைவிடப் படமே எடுக்காமல் அனுப்புவது மேல். அன்றே செய்தாக வேண்டும் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். டோபுடமின் என்னும் மருந்து வேறு வழியில் இதயத்தை வேலை வாங்குவது, அடினோசின் ஏற்பியை நம்பி இருப்பதில்லை. அதைத் தேர்ந்தெடுப்பது அவர் முடிவு. உண்மையை அவர் காதில் போடுவது நம் கடமை.

இரண்டு அளவுகளைக் குழப்புவது

இதயம் திடீரென்று மிக வேகமாக அடிக்கும்போது கொடுப்பது 6 மில்லிகிராம், ஒரே தள்ளில். அங்கே வேலை ஏ1 ஏற்பியில், துடிப்பைக் கடத்தும் முடிச்சைச் சற்று நிறுத்துவதற்கு. நம் சோதனையில் கொடுப்பது நிமிடத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 140 மைக்ரோகிராம், சீரான ஓட்டமாக. 60 கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 8.4 மில்லிகிராம், 6 நிமிடத்துக்கு 50.4. முதலாவது பழகியவர்கள் இரண்டாவது எண்ணைப் பார்த்துப் பதறுகிறார்கள். இரண்டாவது மட்டும் பழகியவர்கள் அவசரப் பிரிவில் மெதுவாகத் தள்ளுகிறார்கள். அடினோசினின் பாதி இரத்தத்தில் 10 விநாடிக்குள் காணாமல் போகும். மெதுவாகத் தள்ளினால் இதயத்தை எட்டுமுன் தீர்ந்துவிடும்.

இரத்த அழுத்தப் பட்டையை அதே கையில் கட்டுவது

பட்டை இறுகும்போது மருந்து நிற்கும். தளரும்போது மொத்தமாகப் பாயும். மறுகையில் கட்டுங்கள்.

கதிரியக்க மருந்தை அதே குழாயில் வேகமாகத் தள்ளுவது

குழாயில் நிற்கும் அடினோசினும் சேர்ந்து ஒரே மூச்சில் உள்ளே போகும். இணைப்பை பிரானுலாவுக்கு (நரம்பில் செருகிய ஊசிக்குழாய்க்கு) அருகிலேயே வைத்து நிதானமாகச் செலுத்துங்கள்.

டைபிரிடமோல் மாத்திரையைக் கவனிக்காமல் விடுவது

சிவப்பணுக்கள் அடினோசினை உள்ளே இழுத்துக்கொள்ளும் கதவை அந்த மாத்திரை அடைக்கிறது. அதே அளவு மருந்து பல மடங்கு உறைக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு இதைக் கொடுப்பது உண்டு. மருந்துப் பையை மேசையில் கவிழ்த்துப் பாருங்கள்.

குப்பியைக் குளிர்பெட்டியில் வைப்பது

படிகமாகிவிடும். வைக்காதீர்கள்.

ஆஸ்துமா உள்ளவருக்குத் தொடங்குவது

கூடாது.

என்ன வரும் என்று நோயாளியிடம் சொல்லாமல் தொடங்குவது

நெஞ்சை அழுத்துவது போல இருக்கும், தொண்டை இறுகும், மூச்சு வாங்கும். மாரடைப்பு வந்துவிட்டது என்று நினைத்துப் படுக்கையில் இருந்து எழப் பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். அப்போது புதியவர்கள் முதலில் தேடுவது அடினோசினை முறிக்கும் அமினோபிலின் ஊசியை. முதலில் செய்ய வேண்டியது மருந்தை நிறுத்துவது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தணிந்துவிடும். தணியாவிட்டால்தான் அமினோபிலின். அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நான் பிரானுலா போட்ட பிறகு, மருந்து தொடங்குமுன், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது இது: “ஐயா, இன்னும் சற்று நேரத்தில் மலை ஏறினது போல மூச்சு வாங்கும். மொத்தம் ஆறு நிமிடம். நான் சத்தமாக எண்ணிக்கொண்டே இருப்பேன். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துவேன், நிறுத்திய ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். எங்கேயும் போக மாட்டேன்.” பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறேன்.