கரீபியத் தீவுகளின் பழைய பேரிடர் ஒன்றைப் பற்றி எழுதுவது எப்படி

முதலில் தேதியைச் சரிபார்க்க வேண்டும். ஜமைக்காவின் போர்ட் ராயல் நகரை நிலநடுக்கத்தின்போது கடல் கொண்ட நாள் 1692 ஜூன் 7 என்பது ஆங்கிலேயர் அன்று பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டியின் கணக்கு. இன்றைய நாட்காட்டிப்படி அது ஜூன் 17. பெயரிலும் இதே கவனம் தேவை. புவேர்ட்டோ ரிக்கோவில் சூறாவளிக்கு அந்நாளுக்குரிய புனிதரின் பெயரை இடுவது வழக்கமாக இருந்ததால், 1899 ஆகஸ்ட் 8 சூறாவளியைச் ‘சான் சிரியாக்கோ’ என்றே தேட வேண்டும்.

அடுத்தது, மனிதர்கள் எதனால் இறந்தார்கள் என்ற கேள்வி. பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குவது இங்கேதான். போர்ட் ராயல் நின்றது பாறையின்மீது அன்று, நீர் ஊறிய மணல் திட்டின்மீது. நிலம் குலுங்கியபோது மணல் தன் பிடிப்பை இழந்து குழம்பாகிவிட்டதால், அதன்மேல் எழுப்பியிருந்த கனத்த செங்கல் வீடுகள் அப்படியே அமிழ்ந்தன. ஏறத்தாழ 2,000 பேர் அன்றே இறந்தனர். பின்னர் பரவிய நோய் மேலும் பலரைக் கொண்டுபோயிற்று. 1959இல் அந்தக் கடலடியிலிருந்து எடுத்த சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றில் முட்கள் அழிந்துபோயிருந்தும், அதன்மேல் இறுகியிருந்த படிவை எக்ஸ்ரே எடுத்தபோது அவற்றின் தடம் கடிகாரம் நின்ற நேரத்தை 11.43 எனக் காட்டியது. இத்தகைய ஒரு பொருள் கிடைத்தால் அதைத் தயங்காமல் கட்டுரையில் சேர்க்கலாம்.

எரிமலை என்றதும் வழிந்தோடும் தீக்குழம்பை எழுதிவிடக் கூடாது. 1902 மே 8 அன்று மார்த்தினிக் தீவின் செயின்ட் பியர் நகரை அழித்தது, பெலே மலையிலிருந்து பாய்ந்து வந்த கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம். சில நிமிடங்களில் சுமார் 28,000 பேர் மாண்டனர். தடித்த சுவர்கொண்ட சிறையறையில் இருந்த கைதி ஒருவர் மட்டுமே பிழைத்தார் என்ற கதை கேட்கச் சுவையானதுதான். ஆனால் நகர விளிம்பில் வசித்த செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரும் உயிர் தப்பினார்.

இறுதியாக, இறப்பு எண்ணிக்கையை எழுதும்போது யார், எப்படி எண்ணினார்கள் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். 2017 மரியா சூறாவளியில் புவேர்ட்டோ ரிக்கோ அரசு அந்த ஆண்டின் இறுதியில் ஏற்றிருந்த கணக்கு 64. சூறாவளிக்குப் பிந்தைய மாதங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த இறப்புகளை ஆய்வாளர்கள் மதிப்பிட்டபின், 2018இல் அதே அரசு ஏற்றது 2,975. ஒன்று புயலில் இறந்ததாகச் சான்றளிக்கப்பட்டவர்களின் தொகை, மற்றது புள்ளியியல் மதிப்பீடு. இரண்டையும் தருவதே முறை.