நடப்பில் உள்ள கிராமத்து ஓட்டலை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நல்ல நடப்பில் உள்ள ஓட்டல் விற்பனைக்கு. பஸ் ஸ்டாப் எதிரில். வெளிநாடு செல்வதால் உடனடி விற்பனை." இப்படி ஒரு வரி விளம்பரம் அடிக்கடி கண்ணில் படும். வெளிநாடு போகாவிட்டால் உடல்நிலை சரியில்லை. அதுவும் இல்லாவிட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சொல்லும் காரணம் உண்மையாகவே இருக்கலாம், அதைத் துருவிக்கொண்டிருப்பதில் லாபமில்லை. எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதில்தான் வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இங்கே பேசுவது இருபது, முப்பது பேர் உட்காரும் கிராமத்து ஓட்டலைப் பற்றி. காலையில் இட்லி, பூரி, மதியம் சாப்பாடு, சாயங்காலம் டீ, வடை, ராத்திரி பரோட்டா. கட்டடம் பெரும்பாலும் வாடகை. ஆக, கைமாறுவது கொஞ்சம் பாத்திர பண்டம், மாஸ்டரின் கைப்பக்குவம், ஊர்க்காரர்கள் அங்கே வந்து சாப்பிடும் பழக்கம், கட்டட ஓனரின் சம்மதம், அவ்வளவுதான். இதில் பாத்திரத்தை மட்டும்தான் எடை போட்டு விலை சொல்ல முடியும். மற்றதையெல்லாம் 'குட்வில்' என்று ஒரே வார்த்தையில் மடித்து லட்சக்கணக்கில் கேட்பார்கள்.

கல்லாவைப் பார்த்து விலை பேசுவது

"சாயங்காலம் வந்து கல்லாவுல உட்காருங்க, நீங்களே பாத்துக்கங்க" என்று விற்பவர் கூப்பிடுவார். போவீர்கள். கூட்டம் அலைமோதும். அன்று சந்தை நாளாகவோ முகூர்த்த நாளாகவோ இருக்கும். தெரிந்தவர்கள் நாலு பேர் வந்து பார்சல் வாங்கிப் போவதும் நடக்கும். கல்லாவை ஒரு நாளைக்கு அலங்காரம் செய்வது சுலபம். பின்வாசல் வழியாக வரும் சரக்கை ஒரு வருஷத்துக்கு அப்படி அலங்கரிக்க முடியாது.

பரோட்டாவையே எடுத்துக்கொள்வோம். "தினம் 400 போகுது" என்கிறார் ஓனர். மாஸ்டரிடம் பேச்சுவாக்கில், "ஒரு கிலோ மைதாவுக்கு எத்தனை போடுவீங்க?" என்று கேளுங்கள். சைஸைப் பொறுத்து ஒவ்வொரு கடையிலும் ஒரு கணக்கு இருக்கும். 16 என்று சொல்கிறார் என்று வையுங்கள். 400 பரோட்டாவுக்கு 25 கிலோ மாவு வேண்டும். 50 கிலோ மூட்டை என்றால் மாதம் 15 மூட்டை. மளிகைக் கடை பில்லில் ஒன்பது மூட்டைதான் இருக்கிறதா? அப்படியானால் போவது 240 பரோட்டா. சண்டை போட வேண்டியதில்லை, விலையை அதற்கேற்பக் கேட்டால் போதும்.

பால்காரரின் நோட்டு, முட்டை அட்டைகளின் எண்ணிக்கை, கோழிக்கடை பில் என்று எல்லாவற்றிலும் இதே கணக்கைப் போடலாம். கேஸ் ஏஜென்சி பில் இன்னும் நம்பகமானது. ஓட்டலுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் பயன்படுத்த வேண்டும். அந்த பில் மிகக் குறைவாக இருந்தால் இரண்டில் ஒன்று: விற்பனை இல்லை, அல்லது 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் உள்ளே ஓடுகிறது. பின்னது சட்டப்படி குற்றம். போதாததற்கு, வணிக சிலிண்டருக்கு நீங்கள் மாறிய மறுநாளே அவர் காட்டிய லாபம் இறங்கிவிடும். விறகு அடுப்பு எரிகிறதா என்பதையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கரண்ட் பில் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆறு பில்லை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த மாதத்தில் கடை படுத்தது என்று யூனிட்டே சொல்லும். அசைவ ஓட்டலாக இருந்தால் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் போய் உட்காருங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் மாலை போடுகிறவர்களாலும் வியாபாரம் குறையும். பள்ளிக்கூடம் எதிரில் என்றால் மே மாதம், சர்க்கரை ஆலை அருகில் என்றால் அரவை இல்லாத மாதங்கள். விளம்பரம் பெரும்பாலும் கடை களைகட்டியிருக்கும் சமயத்தில்தான் வரும், சொல்லவா வேண்டும்.

"கணக்கெல்லாம் எழுதறதில்லைங்க, எல்லாம் மனசுலதான்" என்று சொல்கிறவரிடம் ஜிபே, போன்பே பணம் வரும் வங்கிக் கணக்கின் ஒரு வருஷ ஸ்டேட்மென்ட் கேளுங்கள். அது பையன் பெயரிலோ மனைவி பெயரிலோ இருக்கும். பரவாயில்லை, அதையே காட்டட்டும். காட்ட மாட்டேன் என்றால் அவர் சொல்லும் தொகையை நம்ப உங்களுக்கும் காரணம் இல்லை.

அப்புறம், குடும்ப உழைப்பு. "செலவெல்லாம் போக மாசம் 60,000 நிக்குது" என்பது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. காலை நாலு மணிக்கு பாய்லரைப் பற்றவைப்பது ஓனர், மாவாட்டுவதும் சட்னி அரைப்பதும் அவர் மனைவி, கல்லாவில் உட்காருவது அப்பா. மூன்று பேருக்கும் சம்பளம் கணக்கில் இல்லை. அந்த இடங்களில் நீங்கள் தலைக்கு 15,000 கொடுத்து ஆள் போட்டால் 45,000 போய்விடும். மிஞ்சுவது 15,000. அந்தக் குடும்பம் தங்கள் கூலியைத்தான் லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டிலும் மூன்று பேர் அப்படி உழைக்கத் தயார் என்றால் சரி. அப்படியானாலும் உங்கள் வீட்டு உழைப்புக்கு விற்பவரிடம் குட்வில் கொடுப்பானேன்?

கட்டட ஓனரிடம் பேசாமல் அட்வான்ஸ் கொடுப்பது

நஷ்டத்தில் இதுதான் பெரியது. விற்பவரே வாடகைக்காரர். கட்டட ஓனரின் சம்மதம் இல்லாமல் அவரால் பெரும்பாலும் அந்த இடத்தை உங்களுக்குக் கைமாற்ற முடியாது. அவர் கையில் இருப்பதும் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம். ஒரு வருஷத்துக்கு மேல் போகும் குத்தகையை, 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவுச் செலவுக்குப் பயந்து எல்லோரும் 11 மாதத்திலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்று மாதம் பாக்கி இருக்கும் ஒப்பந்தத்தை நம்பி ஐந்து லட்சம் குட்வில் கொடுத்தால், மூன்று மாதம் கழித்து கட்டட ஓனர் வாடகையை இரண்டு மடங்காகக் கேட்கலாம். அல்லது தன் மச்சானுக்கே கடையைக் கொடுத்துவிடலாம். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் முதலில் அவரை நேரில் பாருங்கள். உங்கள் பெயரில் மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய அவர் சம்மதித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. விற்பவர் கொடுத்திருக்கும் அட்வான்ஸை உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால், கட்டட ஓனர் கையெழுத்தோடு அது எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை பாக்கி இருந்தால் அந்த அட்வான்ஸில்தான் கழிப்பார்.

முன்பக்கத்தையும் நின்று பாருங்கள். பரோட்டாக் கல், டீ பாய்லர், வடைச் சட்டி எல்லாம் கட்டடத்துக்குள் இருக்காது; முன்னால் இறக்கிய தகரக் கொட்டகையில் இருக்கும். அந்தக் கொட்டகை பல ஊர்களில் நெடுஞ்சாலைத் துறை இடத்திலோ புறம்போக்கிலோ நிற்கிறது. ரோட்டை அகலப்படுத்த ஆள் வந்தால் முதலில் போவது அதுதான். சர்வே எண் தெரிந்தால், நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் அது யாருடையது என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் வருவாய்த் துறை இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். ஆக்கிரமிப்புக்காகக் கொடுக்கும் 'பி மெமோ' எதுவும் வந்திருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். வருமானத்தில் பாதியைத் தரும் இடம் நாலு தகரத்தில் நிற்கிறது என்றால் விலையும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கூடவே ரோட்டின் எதிர்காலம். புறவழிச்சாலை வந்து பஸ்கள் ஊருக்குள் வராமல் போனதால் படுத்துப்போன ஓட்டல்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. நில எடுப்பு அறிவிப்பு நாளிதழில் வந்த பிறகும் சாலை முடிய வருஷக்கணக்கில் ஆகும். விவரம் தெரிந்தவர் விற்றுவிட்டுப் போக அந்த இடைவெளி தாராளம். டாஸ்மாக் கடையை நம்பி நடக்கும் ராத்திரி வியாபாரமும் இதே கதைதான். நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதும், 2023 ஜூனில் அரசு 500 கடைகளை மூடியபோதும், பக்கத்தில் ஆம்லெட்டும் சில்லியும் போட்டுக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பேப்பர்கள்

"எல்லா லைசென்ஸும் இருக்கு" என்பார். இருக்கும், அவர் பெயரில். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் அவருக்குக் கொடுத்தது. உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் வாரிசுக்கு மாற்ற வழி உண்டு. விலைக்கு வாங்குகிறவர் தன் பெயரில் புதிதாக எடுப்பதுதான் முறை. பழைய சான்றிதழைச் சுவரில் தொங்கவிட்டுக்கொண்டு வியாபாரம் செய்யாதீர்கள்.

ஜிஎஸ்டியில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. நடந்துகொண்டிருக்கும் தொழிலை முழுமையாகக் கைமாற்றுவதற்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் சட்டத்தின் 85ஆம் பிரிவுப்படி, கைமாறிய நாள் வரைக்குமான பழைய வரி பாக்கி, வட்டி, அபராதத்துக்கு விற்றவரோடு வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. அந்த பாக்கி பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டாலும் அப்படித்தான். விற்பவருக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால், உங்கள் ஆடிட்டரை விட்டு ரிட்டர்ன்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் பாக்கியும் இடத்தைத் தொடர்ந்து வரலாம். விதிகளில் இடமிருந்தால் பழையவரின் பாக்கியைப் புதியவரிடம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா, வீட்டுக் கட்டணத்தில் ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அவருடையது அல்லாததை வாங்குவது

சாமான் பட்டியலில் "பிரிட்ஜ் 1, ஐஸ்கிரீம் பிரீசர் 1" என்று இருக்கும். கண்ணாடிக் கதவு போட்ட அந்தக் கூல்டிரிங்க்ஸ் பிரிட்ஜ் பல கடைகளில் கம்பெனிக்காரன் வைத்துவிட்டுப் போனது. சிலிண்டருக்கு டெபாசிட் யார் பெயரில்? கிரைண்டருக்குத் தவணை பாக்கி உண்டா? தண்ணீர் கேன்கள் யாருடையவை? கையிருப்புச் சரக்கில் பிளாஸ்டிக் கவரும் பிளாஸ்டிக் தாளும் கட்டுக்கட்டாக இருந்தால் அதற்கும் காசு கொடுக்காதீர்கள். 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்ட சரக்கு அது.

கடன் நோட்டையும் சொத்தாகக் காட்டுவார்கள். கொத்தனார் குழு, லோடு ஏற்றுகிறவர்கள் என்று மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடுகிறவர்கள் கிராமத்து ஓட்டலில் இல்லாமல் இருக்க மாட்டார்கள். "நோட்டுல 70,000 வரவேண்டியிருக்கு, அதையும் நீங்களே வசூல் பண்ணிக்கங்க" என்பது பெருந்தன்மை போலக் கேட்கும். வசூலாகிற கடனை அவரே வசூலித்திருப்பார். மறுபக்கம் பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் அவர் வைத்திருக்கும் பாக்கி முதல் வாரமே உங்கள் வாசலில் வந்து நிற்கும். விற்பனைப் பேச்சை சப்ளை செய்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, பாக்கி எவ்வளவு என்று எழுதி வாங்கி, அதை விலையில் கழித்துவிடுங்கள்.

மாஸ்டரைக் கேட்காமல் கடையை வாங்குவதும் உண்டு, ஆச்சரியமாகத்தான் இருக்கும். மாஸ்டர் பழைய ஓனரிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பார். அந்தத் தொகையைச் சேர்த்துக்கொண்டு விலை சொல்வார்கள். நீங்கள் அதையும் கொடுத்த பிறகு அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பாவிட்டால் சால்னாவின் ருசி மாறும், கூட்டமும் மாறும். பேச்சு முடியும் முன்பே அவரிடம் தனியாகப் பேசுங்கள். சம்பளத்தை நூறோ இருநூறோ கூட்டிக் கேட்டால் கொடுத்துவிடுவது உத்தமம்.

அதைவிட மோசம், விற்றவரே ஆறு மாதத்தில் பக்கத்துத் தெருவில் அதே மாஸ்டரோடு கடை போடுவது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்யக்கூடாது என்று ஒருவரைக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. ஆனால் குட்வில்லை விற்றவருக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறது: இன்ன எல்லைக்குள், வாங்கியவர் அந்தத் தொழிலை நடத்தும் வரை, அதே தொழில் செய்ய மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால் அது செல்லும், எல்லை நியாயமானதாக இருக்கும்வரை. இந்த ஊரும் சுற்றி இத்தனை கிலோமீட்டரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். எழுதாமல் விட்டால் கேட்க உரிமை இல்லை.

பணத்தை ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை மூன்று மாதம் நிறுத்தி வைத்தால் பழைய பாக்கிகள் எல்லாம் அதற்குள் தலைகாட்டிவிடும். இரண்டு வாரமாவது விற்பவர் கல்லாவில் உங்களோடு உட்காரட்டும். யாருக்கு டீயில் சர்க்கரை இல்லை, யாருக்குக் கடன் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் எந்தப் பேப்பரிலும் இருக்காது. பெயர்ப்பலகை, விலை, சாம்பார் மூன்றையும் அந்த நாட்களில் தொடாதீர்கள்.

ஆனால் சாவி வாங்கும் அன்றே ஒரு வேலை இருக்கிறது. சுவரிலும் கல்லா மேஜையிலும் பார்சல் கட்டும் இடத்திலும் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்துவிட்டு உங்களுடையதை ஒட்டுங்கள். சவுண்ட் பாக்ஸை அவரிடமே கொடுத்தனுப்புங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மங்கிப்போன ஸ்டிக்கர் ஒன்று தூணுக்குப் பின்னால் தப்பிவிட்டாலும், நீங்கள் சுட்ட வடைக்கான காசு பழைய ஓனரின் கணக்குக்குத்தான் போகும்.