லினக்ஸில் இர்ஃபான்வியூ ஓடிய கதை
லினக்ஸுக்கு மாறியபின் மற்றதெல்லாம் பழகிவிட்டது, விண்டோஸில் படங்களைப் பார்க்கவும் திருத்தவும் வைத்திருந்த இர்ஃபான்வியூ மென்பொருள் இல்லாத குறை மட்டும் போகவில்லை. ‘பி’ (B) விசையைத் தட்டி நூறு படங்களை ஒரே மூச்சில் சிறிதாக்கிப் பழகிய கை இது. மாற்று மென்பொருள்கள் உண்டுதான், ஆனால் கை கேட்கவில்லை.

சரி என்று, விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் (Wine) போட்டு, இர்ஃபான்வியூவின் 32 பிட் பதிப்பை நிறுவினேன். சொடுக்கினால் சத்தமே இல்லை. கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலில் இருந்து ஓட்டிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது: ‘எம்எஃப்சி42.டிஎல்எல்’ (mfc42.dll) என்ற விண்டோஸ் துணைக்கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரு வரி. இந்த ஒரு கோப்புக்காகவா ஒரு மாலை முழுக்கப் போனது! வைனுக்கு இப்படிப்பட்ட கோப்புகளை நிறுவித் தரும் வைன்ட்ரிக்ஸ் வழியாக எம்எஃப்சி42-ஐ நிறுவியதும் சட்டென்று திறந்துகொண்டது.

அப்புறம் என் படங்களைக் காணோம் என்று தேடினேன். லினக்ஸ் கோப்புகள் எல்லாம் வைன் காட்டும் ‘இசட்’ (Z:) டிரைவுக்குள் இருந்தன.