பொத்தான் இல்லாத தளத்திலும் காணொளியை விரைவாக ஓட்டுவது எப்படி?

பட்டர்வொர்த்தில் ஐந்தாம் படிவம் படிக்கும் என் அக்காள் மகளுக்கு, மலேசியாவின் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வுக்கான கூடுதல் கணிதப் பாடங்கள் ஒன்றரை மணி நேரக் காணொளிகளாக வருகின்றன. யூடியூபில் வேகத்தை மாற்றும் வசதி ஏற்கெனவே உண்டு. அவளுடைய டியூஷன் தளத்திலோ ஓட்டவும் நிறுத்தவும் மட்டுமே பொத்தான்கள் உள்ளன. "தலைப்பை எழுதவே சாருக்கு அஞ்சு நிமிஷம் ஆகுது, மாமா" என்று அவள் புலம்பியதால், வீடியோ ஸ்பீட் கன்ட்ரோலர் என்னும் இலவச நீட்சியை (உலாவியில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்) அவளது மடிக்கணினியில் பொருத்தினேன்.

குரோம் வெப் ஸ்டோரில் இப்பெயரைத் தேடி, குரோமில் சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் போதும். எல்லாத் தளங்களிலும் உள்ள தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும் அறிவிப்பைக் கண்டு பலர் பின்வாங்குவார்கள். காணொளி எந்தப் பக்கத்தில் இருக்கும் என்பது நீட்சிக்கு முன்கூட்டியே தெரியாததால்தான் அது அவ்வாறு கேட்கிறது. ஆயினும், நீட்சியின் விவரப் பக்கத்துக்குச் சென்று, பாடம் பார்க்கும் தளங்களுக்கு மட்டும் அனுமதியைச் சுருக்கிவிடுவதே என் வழக்கம். வங்கிக் கணக்கைத் திறக்கும் பக்கத்தில் இதற்கு வேலையே இல்லை.

அடுத்து, முன்பே திறந்திருந்த பக்கத்தைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். காணொளியின் இடது மேல் மூலையில் 1.00 என்ற சிறிய எண் தோன்றினால் நீட்சி வேலை செய்கிறது என்று பொருள். டி (D) விசை வேகத்தை 0.1 கூட்டும், எஸ் விசை அதே அளவு குறைக்கும், இசட் விசை 10 விநாடி பின்னால் கொண்டுசெல்லும்.

நான் அரை மணி நேரம் திண்டாடியது இங்கேதான். எண் தெரிந்தது, ஆனால் டி விசையை எத்தனை முறை அழுத்தியும் அது அசையவில்லை. நீட்சியை நீக்கி இருமுறை மீண்டும் பொருத்தினேன். கடைசியில் சலித்துப்போய் முகவரிப் பட்டையில் அதே விசையைத் தட்டியபோது 'ட்' என்று விழுந்தது. முதல் நாள் தமிழ்க் கட்டுரை எழுதியவள் 'அஞ்சல்' என்னும் தமிழ்த் தட்டச்சு முறையை அணைக்காமலே விட்டிருந்தாள்! ஆங்கிலத்துக்கு மாற்றி, காணொளியின் மீது ஒருமுறை சொடுக்கியதும் எண் 1.10 ஆயிற்று. கருத்துப் பெட்டியில் சுட்டி நின்றாலும் விசைகள் எழுத்தாகவே விழும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

ஜி விசை நேரே 1.8 மடங்குக்குத் தாவும். அந்த வேகத்தில் 90 நிமிடப் பாடம் 50 நிமிடத்தில் முடியும். கணக்குப் பாடத்துக்கு அது மிகை என்பது என் கருத்து. அமைப்புகளில் அதை 1.4 ஆக மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை: கைப்பேசியில் முடியுமா என்று ஈப்போ வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆண்ட்ராய்டு குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை. ஆண்ட்ராய்டுக்கான ஃபயர்பாக்ஸ் ஏற்கும். ஆனால் விசைப்பலகை இல்லாத இடத்தில் திரையிலுள்ள அந்தச் சிறிய எண்ணைத் தொட்டே வேகத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், நான் மடிக்கணினியையே பரிந்துரைப்பேன்.