பராமரிப்பில் கழிந்த ஆண்டுகளை ஓய்வூதியக் கணக்கில் சேர்ப்பது எப்படி: ஐரோப்பிய நடைமுறைகள்

குழந்தையை வளர்க்கவோ முதிய பெற்றோரைக் கவனிக்கவோ வேலையை விட்டவர் முதுமையில் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்ற கொள்கையை ஐரோப்பிய நாடுகள் பலவும் சட்டமாக்கியிருக்கின்றன. ஆனால் அதை நிறைவேற்றும் வழி நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: ஒரு நாட்டில் அரசே பங்களிப்புத் தொகையைக் கட்டுகிறது, இன்னொன்றில் பெயரளவிலான ஓர் ஊதியம் கணக்கில் எழுதப்படுகிறது, வேறொன்றில் காப்பீட்டுக் காலம் மட்டும் நீட்டித் தரப்படுகிறது. ஆகவே எந்த நாட்டின் கணக்கைப் பார்க்கத் தொடங்கினாலும் மூன்று கேள்விகளை முன்வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வரவு, அதாவது பராமரித்த ஆண்டுகளுக்காகக் கணக்கில் சேர்க்கப்படும் பங்கு, தானாகப் பதிவாகிறதா, விண்ணப்பித்தால்தான் பதிவாகிறதா? தாய், தந்தை இருவரில் யார் பெயரில் விழுகிறது? கேட்பதற்குக் காலக்கெடு உண்டா?

முதல் வேலையாக ஒரு தாளில் காலவரிசையை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழந்தையின் பிறந்த தேதி, அப்போது குடியிருந்த நாடு, குழந்தை உதவித்தொகை யார் பெயரில் வந்தது, வேலையை விட்ட மாதம், திரும்பச் சேர்ந்த மாதம், முதியவரைப் பராமரித்திருந்தால் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் என்பவை அதில் இருக்க வேண்டும். பிறகு ஓய்வூதிய நிறுவனத்திடமிருந்து உங்கள் கணக்கு அறிக்கையை வாங்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். அறிக்கையில் வெற்றிடமாக உள்ள மாதங்களைத்தான் நீங்கள் நிரப்ப வேண்டியிருக்கும்.

ஜெர்மனி: பிறந்த தேதியும் பெற்றோரின் அறிவிப்பும்

ஜெர்மனியில் 1992 ஜனவரி 1 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று ஆண்டுகள் குழந்தை வளர்ப்புக் காலமாகக் கணக்கில் ஏறும். ஓராண்டுக்கு ஏறத்தாழ ஓர் ஓய்வூதியப் புள்ளி கிடைக்கும். அதாவது சராசரி ஊதியம் வாங்கிய ஒருவர் ஓராண்டில் ஈட்டும் அளவு. 2025 ஜூலையில் ஒரு புள்ளியின் மதிப்பு மாதத்திற்கு 40.79 யூரோவாக இருந்தது; அந்த மதிப்பின்படி ஒரு குழந்தைக்கு மாதம் சுமார் 122 யூரோ ஓய்வூதியம் சேரும். 1992க்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு முதலில் ஓராண்டு மட்டுமே தரப்பட்டது; அது 2014இல் இரண்டு ஆண்டாகவும் 2019இல் இரண்டரை ஆண்டாகவும் உயர்த்தப்பட்டது. 1991 டிசம்பரில் பிறந்த குழந்தையை வளர்ப்பது அடுத்த மாதம் பிறந்த குழந்தையை வளர்ப்பதைவிட எவ்விதத்தில் எளிதாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கோடு செலவைக் கருதிப் போடப்பட்டது என்பதே என் கருத்து.

இந்த வரவு ஓய்வூதியத் தொகையை உயர்த்துவதோடு முடிவதில்லை. ஜெர்மானிய முதியோர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 60 மாதக் காப்பீட்டுக் காலம் வேண்டும். இரண்டு குழந்தைகளை வளர்த்தவருக்கு, அவர்கள் 1992க்கு முன் பிறந்திருந்தாலும், 30 மாதம் வீதம் அந்த 60 மாதமும் நிரம்பிவிடும். ஒரு நாள்கூடச் சம்பளத்திற்குப் போகாதவரும் ஓய்வூதிய உரிமை பெறுகிறார் என்பதைப் பல குடும்பங்கள் அறியாமலே இருக்கின்றன.

ஆனால் இது தானாக நடந்துவிடாது. வி 0800 என்னும் படிவத்தைக் குழந்தையின் பிறப்புச் சான்றோடு ஜெர்மானிய ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்திற்கு அனுப்ப வேண்டும். பெற்றோர் வேறெதுவும் அறிவிக்காவிட்டால், குழந்தையை முதன்மையாக வளர்த்தவர் கணக்கில், பெரும்பாலும் தாயின் கணக்கில், வரவு வைக்கப்படும். தந்தையின் பெயரில் பதிவாக வேண்டுமானால் இருவரும் சேர்ந்து அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு இனி வரும் காலத்திற்கும் கடந்த இரண்டு மாதங்களுக்கும் மட்டுமே செல்லும். தாயின் ஊதியம் பங்களிப்புக்கான உச்சவரம்பை ஒட்டியிருந்தால் கூடுதல் புள்ளிகள் வரம்பில் மோதி வீணாகும் என்பதால், அத்தகைய குடும்பங்கள் குழந்தை பிறந்த உடனேயே இதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

பிரிட்டன்: உதவித்தொகை யார் பெயரில் என்பதே திறவுகோல்

பிரிட்டனின் புதிய அரச ஓய்வூதியத்தை முழுமையாகப் பெறப் பொதுவாக 35 தகுதி ஆண்டுகளும் (பங்களிப்போ வரவோ பதிவான ஆண்டுகள்), ஏதேனும் பெறக் குறைந்தது 10 ஆண்டுகளும் வேண்டும். 2025–26 நிதியாண்டில் முழுத் தொகை வாரத்திற்கு 230.25 பவுண்டாக இருந்தது; அந்த அளவின்படி ஒரு தகுதி ஆண்டு தவறினால் ஆயுள் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 342 பவுண்டு குறையும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கான சைல்ட் பெனிஃபிட் (குழந்தை உதவித்தொகை) விண்ணப்பம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு நேஷனல் இன்சூரன்ஸ் (தேசியக் காப்பீடு) வரவு தானாகக் கிடைக்கும். வேலைக்குப் போகும் தந்தையின் பெயரில் விண்ணப்பித்துவிட்டால், ஏற்கெனவே நிரம்பிய அவர் கணக்கில் வரவு விழுந்து பயனின்றிப் போகிறது. அதை வீட்டிலிருக்கும் தாயின் பெயருக்கு மாற்ற சிஎஃப் 411ஏ என்னும் படிவம் இருக்கிறது.

2013 ஜனவரியில் உயர் வருமானத்தாரிடமிருந்து இந்த உதவித்தொகையைத் திரும்பப் பெறும் வரி வந்தபின், உதவித்தொகையை வாங்கித் திருப்பிக் கட்டுவானேன் என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் ஏராளம். பணம் வேண்டாம் என்று குறிப்பிட்டாலும் விண்ணப்பத்தை மட்டும் கட்டாயம் அனுப்ப வேண்டும். வரவு விண்ணப்பத்தோடுதான் பிணைக்கப்பட்டுள்ளது. அதேபோல், 1978 முதல் 2010 வரை வழக்கில் இருந்த வீட்டுப் பொறுப்புப் பாதுகாப்பு என்னும் பழைய திட்டத்தின் ஆண்டுகள் பல பெண்களின் கணக்கில் விடுபட்டிருக்கின்றன. 2000 மே மாதத்திற்கு முந்தைய விண்ணப்பங்களில் நேஷனல் இன்சூரன்ஸ் எண் எழுதப்படாதது இதற்கு முக்கியக் காரணம். அவர்கள் சிஎஃப் 411 படிவத்தால் திருத்தம் கோரலாம். ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவர்களும் கோரலாம்.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா போன்றோர் ஓய்வூதிய வயதை எட்டாதவராக இருந்தால், வேலைக்குப் போகும் பெற்றோருக்குத் தேவையில்லாத அந்த வரவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். 2011 ஏப்ரல் முதலான ஆண்டுகளுக்கு இது பொருந்தும். நிதியாண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 31 வரை பொறுத்து, சிஏ 9176 படிவத்தை அனுப்ப வேண்டும்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

சுவீடனில் குழந்தையின் முதல் நான்கு ஆண்டுகளுக்கான வரவு, பெற்றோரில் வருமானம் குறைந்தவரின் கணக்கில் தானாகவே எழுதப்படுகிறது. யாரும் படிவம் தேட வேண்டியதில்லை என்பதால் இதுவே ஆகச் சிறந்த ஏற்பாடு என்பேன். பிரான்சில் தனியார் துறைத் தாய்க்கு ஒரு குழந்தைக்கு எட்டு காலாண்டுகள் வரை காப்பீட்டுக் காலம் கூட்டப்படுகிறது. 2010 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, வளர்ப்புக்கான காலாண்டுகளில் ஒரு பகுதியைத் தந்தையும் பெறலாம். குழந்தைக்கு நான்கு வயது நிறைந்த ஆறு மாதத்திற்குள் அறிவிக்காவிட்டால் அவை தாய்க்கே போய்ச் சேரும். ஆஸ்திரியாவில் வேலைக்குப் போகும் பெற்றோர் தம் கணக்கின் ஆண்டு வரவில் பாதி வரை, குழந்தை வளர்க்கும் துணைவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். குழந்தைக்குப் பத்து வயதாகும் முன் விண்ணப்பிக்க வேண்டும்.

முதியவரைப் பராமரித்தவர்கள்

குழந்தை வளர்ப்பைவிட முதியோர் பராமரிப்பில்தான் வரவுகள் அதிகமாகத் தவறிப்போகின்றன. பிறப்புச் சான்று போன்ற ஓர் ஆவணம் இதற்குக் கிடையாது.

ஜெர்மனியில் பராமரிப்புக் காப்பீட்டு நிதியமே பராமரிப்பவருக்காக ஓய்வூதியப் பங்களிப்பைக் கட்டுகிறது. அதற்கு முதியவருக்குப் பராமரிப்பு நிலை (எவ்வளவு உதவி தேவை என்பதைக் காட்டும் தரநிலை) 2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பராமரிப்பு வாரத்திற்குக் குறைந்தது 10 மணி நேரம், குறைந்தது இரண்டு நாள்களில் நடக்க வேண்டும். பராமரிப்பவர் வாரத்தில் 30 மணி நேரத்திற்கு மேல் வேலைக்குப் போகக் கூடாது. முதியவர் வெளியார் சேவையின்றி முழுவதும் ரொக்க உதவியைப் பெற்றால் பங்களிப்பு உச்ச அளவில் இருக்கும். ரொக்கம் முதியவரின் வங்கிக் கணக்கிற்கே செல்கிறது என்பதால், பராமரிப்பவர் தம் பெயர் எங்கும் பதியப்படவில்லை என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். நிதியம் அனுப்பும் கேள்வித்தாளை நிரப்பித் திருப்பி அனுப்பினால்தான் பங்களிப்பு தொடங்கும். அது வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே முழு முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் இயல்பான ஓய்வு வயதைக் கடந்துவிட்டால் பங்களிப்பு நின்றுவிடும். இதற்குச் சட்டத்திற்குட்பட்ட ஒரு வழி இருக்கிறது: ஓய்வூதியத்தை 99.99 விழுக்காட்டுப் பகுதி ஓய்வூதியமாக மாற்றிக்கொண்டால் அவர் மீண்டும் பங்களிப்பு பெறுபவராகிறார். 1,500 யூரோ வாங்குபவர் இதனால் இழப்பது மாதம் 15 சென்ட்டு மட்டுமே. நிறுவன ஓய்வூதியமும் வாங்குபவர், அதன் விதிகள் பகுதி ஓய்வூதியத்தை ஏற்கின்றனவா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் பராமரிப்பு வரவை ஆண்டுதோறும் மாநில அளவிலான ஓய்வூதியக் காப்பீட்டு அலுவலகத்தில் பதிய வேண்டும்; ஐந்து ஆண்டுகளுக்கு மேல் விட்டால் உரிமை போய்விடும். உறவினரின் வீடு 30 கிலோமீட்டருக்குள் அல்லது ஒரு மணி நேரத்தில் சென்றடையும் தொலைவில் இருக்க வேண்டும். பிரிட்டனில் வாரத்திற்கு 20 மணி நேரமோ அதற்கு மேலோ பராமரிப்பவர் பராமரிப்பாளர் வரவுக்கு விண்ணப்பிக்கலாம்.

நாடு மாறியவர்கள்

ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் ஒரு நாட்டின் காலத்தை மற்றொன்றின் குறைந்தபட்சக் காலத்தை நிரப்பச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தனியே வழங்கும். சுவிட்சர்லாந்து, நார்வே, பிரிட்டன் ஆகியவற்றோடும் இதற்கு ஏற்பாடு உண்டு. வேலை பார்த்த நாட்டை விட்டு வேறு நாட்டில் குழந்தை வளர்த்து, அந்த நாடு அதைக் கணக்கில் கொள்ளாதபோது, முதல் நாட்டிடம் கேட்க ஐரோப்பிய ஒன்றியத்தின் 987/2009 ஒழுங்குமுறையின் 44ஆம் பிரிவு இடமளிக்கிறது. அப்பிரிவின் நிபந்தனைகள் பொருந்தாதபோதும், குழந்தை வளர்ப்புக்கு முன்னும் பின்னும் ஒரே நாட்டில் மட்டும் உழைத்தவருக்கு அந்த நாடே வரவு வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இலும் 2022இலும் தீர்ப்பளித்தது. ஆகவே முதல் மறுப்புக் கடிதத்தோடு ஓய்ந்துவிட வேண்டாம். ஜெர்மானிய முடிவுக்கு எதிராக ஆட்சேபம் தெரிவிக்க, கடிதம் கிடைத்ததிலிருந்து ஒரு மாதமும், வெளிநாட்டில் இருப்பவருக்கு மூன்று மாதமும் அவகாசம் உண்டு. காரணங்களைப் பின்னர் அனுப்புவதாகக் குறிப்பிட்டு, கெடுவுக்குள் கையொப்பமிட்ட ஒரு வரி ஆட்சேபத்தை அனுப்பினாலே போதும்.